எங்கள் வீட்டில் அடித்தார்கள்

அந்த மனுவின் கார்பன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்து, நீலம் மங்கி, பீரோவில் ரேஷன் கார்டும் பத்திரங்களும் இருக்கிற தட்டில் கிடக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நான்கு வீடு மாறிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எத்தனையோ காகிதங்களைக் கிழித்துப் போட்டவள், இதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறாவது வரியில் அந்த வாக்கியம் இருக்கிறது: "எங்கள் வீட்டில் என்னை அடித்தார்கள்." எழுத்துப் பிழை கிடையாது, சந்திப் பிழை கிடையாது. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டுத் தலைகால் புரியாமல் திரிந்த காலம் அது. ஒரு பக்கம் தட்டினால் ஒரு பிழை இருக்காது என்று எனக்குப் பெரிய நினைப்பு. இந்த வாக்கியத்தையும் அந்த நினைப்போடுதான் தட்டினேன்.

எண்பதுகளின் நடுவில் இராஜபாளையத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். காலையும் மாலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, நடுவில் வெளியிலிருந்து வருகிற மனு, ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை என்று எதுவானாலும் தட்டிக் கொடுப்பது. எங்கள் வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீட்டில்தான் அக்கா இருந்தாள். உறவு கிடையாது. ஆனாலும் பிறந்ததிலிருந்து பழகியவளைப் போல அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக் கட்டுகிற வேலைக்குப் போய்வந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சலவை மருந்து வாடை அடிக்கும். ஐந்து வயதில் ஒரு மகள். அக்காவின் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். வெளியில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. அய்யனார் கோவிலுக்கு வேன் பிடித்து எல்லோரையும் கூட்டிப்போவதென்றால் அவர்தான் முன்னால் நிற்பார். குடித்தால் மட்டும் அக்காவை அடிப்பார். அடுத்த நாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்.

அந்த வீட்டில் அவரைத் தடுக்க ஒரே ஒரு ஆள் உண்டு. அது அக்காவின் மாமியார். மில் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள், ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும். சத்தம் தொடங்கியதும், "ஏலே, கைய எடுலே, அவ செத்துருவா" என்று நடுவில் பாய்வாள். அவள் முதுகிலும் நாலு விழும். அப்படியும் விடமாட்டாள். மருமகளை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு, தான் வாசலில் உட்கார்ந்துகொள்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம். அப்பா ரேடியோவைக் கூட்டி வைப்பார். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். அதற்கு மேல் எங்கள் வீட்டிலிருந்து யாரும் எழுந்து போனதில்லை, நான் உட்பட.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷனை 'அவன்' என்றோ, பெயர் சொல்லியோ பேசிக் கேட்டதில்லை. 'அவிய' என்பார்கள், 'அவர்கள்' என்பதுதான் அது. 'அவிய வந்தாவ, அவிய சாப்பிட்டாவ.' இல்லையென்றால் 'எங்க வீட்டுல' என்பார்கள். 'எங்க வீட்டுல கோவிச்சுக்கிட்டாவ' என்றால் புருஷன் கோபித்துக்கொண்டார் என்று அர்த்தம், வீட்டில் இருக்கிற எல்லோரும் என்று அர்த்தம் இல்லை. பக்கத்துத் தெலுங்குக்கார வீடுகளிலும் பாஷைதான் வேறு, பெண்கள் புருஷனைப் பன்மையில்தான் சொல்வார்கள். ஒருநாள் தெருக்கோடியில் இருந்த பெண் ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டுல சாக்கடையில விழுந்து கெடக்காவ, செத்த தூக்கிவிட ஆள் அனுப்புங்க" என்று அப்பாவிடம் கேட்டாள். சாக்கடையில் கிடந்தாலும் மரியாதை குறையக்கூடாது. நானும் அம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சிரித்தோம். அந்தப் புருஷன் எழுந்து வந்து அவளை 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டிருப்பார் என்பதில் எங்களுக்குச் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே.

ஒருநாள் காலையில் வகுப்பு முடிகிற நேரத்தில் அக்கா இன்ஸ்டிட்யூட் படியேறி வந்தாள். முந்தானையால் இடது காதைப் பொத்தியிருந்தாள். கழுத்தில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் விழுந்த அடியில் அந்தக் காதில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை என்றாள். கான்சாபுரத்திலிருந்து அவளுடைய அண்ணன் வந்து கீழே டீக்கடையில் நிற்கிறார், மனு எழுதி வாங்கிவரச் சொன்னார், ஸ்டேஷனுக்குப் போகப்போகிறோம் என்றாள். அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அவரைக் கூப்பிட்டு ஸ்டேஷனில் கண்டிக்க வேண்டும், தானும் மகளும் தனியாக ஒரு அறை எடுத்து இருந்துகொள்ள அவர் குறுக்கே நிற்கக்கூடாது, அவ்வளவுதான். கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்தும் வைத்திருந்தாள். அடிக்கிற சத்தம் கேட்காத ஒரு அறை. அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'என் கணவர் என்னை அடித்தார்' என்றுதான் முதலில் தட்டினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தட்டி முடித்ததும் வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"நான் அப்படியா சொன்னேன்? எங்க வீட்டுல அடிச்சாவன்னுல்ல சொன்னேன்."

அடித்தார் என்பதும் மரியாதைதான் என்று நான் விளக்கினேன். அவள் கேட்கவில்லை. "இத அங்க அவியள நிக்க வச்சு வாசிப்பாவ. மரியாத கொறஞ்சிருந்தா அதுக்கும் சேத்து எனக்குத்தாம்ட்டி விழும்" என்றாள். சொல்லும்போது முகத்தில் அழுகை இல்லை, வெகு நிதானமாக யோசித்துத்தான் சொன்னாள். அடித்ததற்காகக் கொடுக்கிற மனுவில்கூட அடி விழாத மாதிரி வார்த்தை தேட வேண்டியிருந்தது அவளுக்கு. எனக்கோ அதில் ஒரு சின்ன குஷி. 'அடித்தார்கள்' என்பது இன்னும் நல்ல தமிழாகப் பட்டது. மனுவின் தலையிலேயே 'ஆய்வாளர் அவர்கள்' என்று தட்டியிருந்தேன், அதே 'கள்'தானே. தாளை உருவிவிட்டுப் புதிதாகச் சொருகி, அவள் சொன்னபடியே தட்டினேன். எங்கள் வீட்டில் என்னை அடித்தார்கள். எங்கள் ஊரில் இதைப் புரிந்துகொள்ளாத மனிதர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டேஷனில் நடந்ததை அக்கா பின்னால் சொல்லித்தான் தெரியும். அவளை வெளியில் வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போயிருக்கிறார். ஆம்பிளை பேசினால்தான் காரியம் நடக்கும் என்பது அவர் எண்ணம், அக்காவுக்கும் அதே எண்ணம்தான். உள்ளே எழுத்து வேலை பார்த்தவர் மனுவை வாசித்துவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். ரேஷன் கார்டுக்குக் கேட்பதுபோல் கேட்டாராம். அண்ணனும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார், மாப்பிள்ளை, அவர் அம்மா, என் தங்கச்சி, அவள் பிள்ளை என்று. மாமியார் இல்லாத மருமகள் கேஸ் உண்டா என்று அந்த எழுத்துக்காரர் நினைத்திருக்கலாம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவராகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. குடித்துவிட்டு அடித்ததாகக் கணவர் பெயரும், சேர்ந்து அடித்ததாக மாமியார் பெயரும் எழுதி, அக்காவைக் கூப்பிட்டு, வாசித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் மாமியாரை மில் கேண்டீனிலிருந்தே கூட்டிப்போனார்கள். கையில் சாம்பலும் தேங்காய்நாரும் அப்படியே இருந்ததாம். ஸ்டேஷனில் அவளை அவள் மகனோடு சேர்த்து உட்கார வைத்தார்கள். ஜாமீனில் வெளியே வர நாலைந்து நாள் ஆனது. அக்கா தகவல் தெரிந்து அழுதுகொண்டே ஓடிப்போய், அத்தையை விட்டுவிடுங்கள், அவிய ஒண்ணும் பண்ணலை என்று சொல்லியிருக்கிறாள். எழுதியாச்சு, இனிமேல் கோர்ட்டில் சொல்லிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணன் அவளையும் பிள்ளையையும் கான்சாபுரம் கூட்டிப்போனார். கேஸ் ஜெயித்தால் தனி அறை, அதுவரை இங்கே இரு, என்னாலும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ள முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். அவரையும் குறை சொல்வதற்கில்லை. இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் ஏற்கெனவே ஆறு வயிறு.

எனக்கு விஷயம் புரிந்ததும் தூக்கம் போய்விட்டது. கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடந்தது. ஒருநாள் டவுன் பஸ் ஏறிப் போய் அரசு வக்கீலைப் பார்த்தேன். மனுவைத் தட்டியது நான்தான், அதில் 'அடித்தார்கள்' என்றால் கணவர் ஒருவர்தான், நான் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தாளில் இருப்பதுதான் பேசும், நீ என்ன நினைத்துத் தட்டினாய் என்பது பேசாது என்றார். பிறகு, கல்யாணம் ஆகாத பெண், கூண்டில் ஏறினால் எதிர்க்கட்சி வக்கீல் என்னென்ன கேட்பார் தெரியுமா, உங்கள் அப்பாவிடம் கேட்டுவிட்டு வா என்றார். அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, அடுத்த வீட்டுச் சண்டையில் நமக்கு என்ன வேலை என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இருபது வயதில் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தக் கேஸில் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி மாமியார்தான். நடுவில் விழுந்து அடி வாங்கியவள் அவள். அதைவிட முக்கியமாக, அந்த வீட்டில் 'அவன் அடிச்சான்' என்று சொல்ல வாய் உள்ளவள் அவள் ஒருத்திதான். பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு, கட்டிக்கொண்டவளுக்குக் கிடையாது. அந்த ஒருத்தியைத்தான் என்னுடைய 'கள்' எதிர்க்கூண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அக்காவை விசாரித்த நாளில் இன்ஸ்டிட்யூட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எதிர்க்கட்சி வக்கீல் குரலை உயர்த்தக்கூட இல்லை. யாரம்மா உன்னை அடித்தது என்று கேட்டார். அவிய என்றாள். உன் மாமியார் அடித்தாரா என்றார். "இல்லைங்கய்யா. அவியதான் வெலக்கி விட்டாவ" என்றாள். மாமியாருக்கும் அதே மரியாதை, அதே சொல். அப்படியானால் அடித்ததும் அவிய, விலக்கியதும் அவிய என்று வக்கீல் சொல்லி நிறுத்தினார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா கையை நீட்டி எதிர்க்கூண்டில் நின்ற இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் காட்டினாள், அவிய, இவிய என்று. ஒரு காதுதான் கேட்கும் என்பதால் கேள்வி வந்த பக்கம் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. அதைப் பார்த்துச் சிலர் இன்னும் சிரித்தார்கள்.

நீதிபதி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பெயரைச் சொல்லம்மா, பயப்படாதே என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எதிரில் அவர் நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். கடைசியில், "எம் பிள்ளையோட அப்பா" என்றாள். உடனே வக்கீல் மனுவை எடுத்து வாசித்தார். என் வாக்கியம். நான் தட்டியதை வேறொருவர் குரலில் கேட்பது அதுவே முதல் தடவை. 'எங்கள் வீட்டில் என்னை அடித்தார்கள்' என்று எழுதியிருக்கிறாய், இப்போது ஒரு ஆள்தான் என்கிறாய், இதில் எது பொய் என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா" என்றாள் அக்கா.

அவள் சொன்னது சத்தியம். அவளுக்கு அந்த இரண்டு வாக்கியமும் ஒன்றுதான், எனக்கும் ஒன்றுதான், சிரித்தவர்கள் வீட்டில் இருந்த பெண்களுக்கும் ஒன்றுதான். மனுவின் முதல் வரியில் 'ஆய்வாளர் அவர்கள்' என்று இருக்கிறதே, அங்கே எத்தனை ஆய்வாளர் என்று யாராவது கேட்டார்களா என்று எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். கோர்ட்டில் பதிவானது 'இரண்டும் ஒன்றுதான் என்கிறார்' என்று. வாசித்துப் பார்க்கிறவருக்கு அது பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் உளறுவதுபோல்தான் இருக்கும். சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. புகாரை நம்ப முடியவில்லை, இருவரும் விடுதலை.

தீர்ப்பன்று நானும் போயிருந்தேன். கோர்ட் வாசலில் அக்காவும் நானும் நின்ற இடத்துக்கு மாமியார் நேராக வந்தாள். இரண்டு வருடத்தில் ரொம்பவும் இறங்கிப்போயிருந்தாள். கேண்டீன் வேலையும் போய்விட்டது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அந்தக் குரலையே காணோம்.

"அவந்தாம்ட்டி அடிச்சான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா எந்தக் கோர்ட்டுலயும் சொல்லியிருப்பேன். என்னையும் அவங்கூட நிறுத்திட்டியே."

அக்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, நான் அப்படிச் சொல்லலை அத்தை, நான் அப்படிச் சொல்லலை என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். தட்டியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவின் அண்ணன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். கான்சாபுரத்துக்கு அவர் மட்டும்தான் போனார். அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, புருஷனும் மாமியாரும் ஏறின இராஜபாளையம் பஸ்ஸில் பின்சீட்டில் ஏறினாள். பார்த்து வைத்த அறையில் எப்போதோ வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தேன். சத்தம் தொடங்கியதும் மாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்விடுவாள். குழாயில் தண்ணீர் வராத நேரமாக இருந்தாலும் அங்கே போய் நிற்பாள். 'ஏலே' என்ற அந்தக் குரல் திரும்ப வரவே இல்லை. கேட்டுக்கொண்டு சாப்பிடுவது மட்டும் எங்கள் வீட்டில் மாறவில்லை. அப்பா ரேடியோவைக் கூட்டுவார். எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் எழுந்து போகவில்லை. பிறகு எனக்குக் கல்யாணமாகி மதுரைப் பக்கம் போய்விட்டேன். அங்கே போன முதல் வாரமே யாரோ கேட்டதற்கு, "எங்க வீட்டுல டூட்டிக்குப் போயிருக்காங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

தொண்ணூறுகளில் ஒருமுறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு. மாமியார் போன வருடம் இறந்துவிட்டாள் என்றாள். கை என்னவென்று கேட்டேன்.

"விழுந்துட்டேன்" என்றாள்.

அந்த வாக்கியத்தில் அவர் இல்லவே இல்லை. அவிய இல்லை, வீட்டுல இல்லை. யாரும் அதை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் என்று கேட்க முடியாது. நான் குரலைத் தாழ்த்தி, அக்கா, நான் எழுதித் தருகிறேன், இந்தத் தடவை சரியாக எழுதுகிறேன், நானே சாட்சிக்கும் வருகிறேன் என்றேன். நான் பேசிய பக்கம் காது கேட்காத பக்கம். எழுந்து சுற்றிவந்து மறுபடி சொன்னேன். அவள் சிரித்தாள். என்மேல் அவளுக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கோர்ட்டுல பொய் சொன்னவளுன்னு எழுதியாச்சு. பொறவு யாரு நம்புவா? விடு. அம்மாவப் பாரு" என்றாள்.

இதை எழுதி முடித்துவிட்டு, பழைய டைப்பிஸ்ட் பழக்கத்தில் பிழை இருக்கிறதா என்று முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அடி வாங்கியவளை 'அவள்' என்று எழுதியிருக்கிறேன். நடுவில் விழுந்து தடுத்த வயதான மனுஷியையும் 'அவள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். என்னைப் பெற்ற அம்மாவுக்குக்கூட ஒரு மரியாதை விகுதி கிடைக்கவில்லை. ஆண்கள் அத்தனை பேரும் 'அவர்'. அடித்தவரும் 'அவர்'. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. எதிரில் நின்று கேட்டுவிட்டு வீட்டில் போய் அடிக்க அவர் இன்று உயிரோடும் இல்லை. பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தேன். 'அடிப்பார்' என்பதில் கடைசி எழுத்தை அடித்துவிட்டு 'ன்' போட்டேன். ஒரே ஒரு எழுத்துதான். இரண்டாவது இடத்திலும் போட்டேன். மூன்றாவது இடத்தில், கோர்ட்டில் அவர் எதிரில் நின்ற இடத்தில், கை வரவில்லை. பிறகு, முதலில் மாற்றிய இரண்டையும் பழையபடி 'ர்' ஆக்கி வைத்தேன்.